பிறவி நோய் எதிர்ப்புக் குறைபாடு: சந்தேகம் முதல் சிகிச்சை வரை முழுமையான வழிகாட்டி

ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா, நடுவில் காதில் சீழ், அப்புறம் சைனஸ், மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக். ஒவ்வொரு முறையும் ஒரு டாக்டர் அந்தத் தொற்றுக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடுகிறார். இது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. முதன்மை நோய் எதிர்ப்புக் குறைபாடு, அதாவது பிறவியிலேயே வரும் எதிர்ப்புக் குறைபாடு, உள்ள பலருக்கு வருடக்கணக்கில் இப்படித்தான் போகிறது. அந்த வருடங்கள் சும்மா போவதுமில்லை, ஒவ்வொரு நிமோனியாவும் நுரையீரலில் கொஞ்சம் தழும்பை விட்டுவிட்டுப் போகிறது. அதனால் சீக்கிரம் சந்தேகப்படுங்கள், சீக்கிரம் சோதித்துப் பாருங்கள், ஆரம்பித்த சிகிச்சையில் இடைவெளி விடாதீர்கள். கீழே எழுதியிருப்பது எல்லாம் இந்த மூன்றையும் எப்படிச் செய்வது என்பதுதான்.

முதலில் ஒரு தெளிவு. இது மரபணுவில் வரும் குறைபாடு. எச்.ஐ.வி இல்லை, யாருக்கும் தொற்றாது. வெள்ளையணுக்களோ, அவை உண்டாக்கும், கிருமியை எதிர்க்கும் புரதங்களான ஆன்டிபாடிகளோ, வேறு ஏதாவது ஒரு பகுதியோ பிறவியிலேயே சரியாக அமையாமல் போயிருக்கும். இதுவரை 450-க்கும் மேற்பட்ட வகைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சில வகைகள் பிறந்த சில மாதங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகும், சில வகைகள் முப்பது வயதுக்கு மேல்தான் வெளியே தெரியும். பிறவி நோய் என்றால் குழந்தைக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்துப் பெரியவர்களைச் சோதிக்காமல் விடுவது அடிக்கடி நடக்கிறது.

1. எப்போது சந்தேகப்பட வேண்டும்

சளி பிடிப்பது எல்லாக் குழந்தைக்கும் சகஜம்தான். பள்ளிக்குப் போக ஆரம்பித்த குழந்தைக்கு வருடத்தில் ஆறு, எட்டு முறை சளி வந்தாலும் அது தானாகச் சரியாகி, நடுவில் குழந்தை நன்றாக விளையாடி, எடையும் ஏறினால் பயப்பட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது வேறு மாதிரித் தொற்றுகளை. ஒரு வருடத்தில் நான்கு அல்லது அதற்கு மேல் காதுத் தொற்று, இரண்டு முறை கடுமையான சைனஸ், இரண்டு முறை நிமோனியா, இரண்டு மாதம் ஆன்டிபயாட்டிக் எடுத்தும் பலன் இல்லாமல் இருப்பது, குழந்தைக்கு எடை ஏறாமல் இருப்பது, தோலின் ஆழத்திலோ கல்லீரல் போன்ற உறுப்பிலோ திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி, வாயில் விடாமல் வெள்ளை பூஞ்சை, ஊசி வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்றினால்தான் தொற்று அடங்குவது, ரத்தத்தில் கிருமி கலப்பது, குடும்பத்தில் யாருக்காவது இந்தக் குறைபாடு இருப்பது. டாக்டர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் எச்சரிக்கை அறிகுறிகள் இவைதான். இதில் இரண்டு பொருந்தினாலே சோதனைக்குக் கேளுங்கள்.

பட்டியலுக்கு வெளியேயும் சில குறிப்புகள் உண்டு. காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி ஊசி போட்ட இடம் ஆறாமல் புண்ணாகி, நெறிகட்டி, கிருமி உடம்பில் பரவுவது. தொப்புள்கொடி மிகவும் தாமதமாக விழுவது. சிறு வயதில் இறந்துபோன தாய்மாமன் அல்லது அண்ணன், அதாவது அம்மா வழி ஆண் குழந்தைகளின் மரணம். சில வகைகள் தொற்றாகவே தெரியாது. தட்டணுக்கள் குறைந்து ரத்தக்கசிவு, நிற்காத வயிற்றுப்போக்கு, வீங்கிய மண்ணீரல் என்று வரும். இவற்றைத் தனித்தனி நோயாகவே பார்த்துக்கொண்டிருந்தால் அடியில் இருப்பது பிடிபடாது.

2. டாக்டரிடம் போகும்போது என்ன எடுத்துப் போவது

பார்க்க வேண்டியது நோய் எதிர்ப்பு மண்டலத்தைப் பார்க்கும் இம்யூனாலஜி நிபுணரை. அவர் அருகில் இல்லையென்றால் குழந்தைகள் நல டாக்டரோ, நுரையீரல் டாக்டரோ, ரத்த நோய் நிபுணரோ முதல் சோதனைகளை எழுதித் தரலாம். போவதற்கு முன் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்: எந்த மாதம் என்ன தொற்று, எத்தனை நாள் மருந்து, எந்த மருந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களா, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் என்ன கிருமி வந்தது. கிருமியின் பெயர் நிறையச் சொல்லும். நிமோகாக்கஸும் ஹீமோஃபிலஸும் திரும்ப வந்தால் ஆன்டிபாடி பக்கம் பார்ப்பார்கள், அஸ்பர்ஜிலஸ் பூஞ்சையும் ஸ்டெஃபைலோகாக்கஸ் சீழ்க்கட்டியும் என்றால் கிருமியை விழுங்கும் வெள்ளையணுக்கள் பக்கம், நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நிமோனியா என்றால் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் பக்கம். எக்ஸ்ரே, ஸ்கேன், பழைய ரத்தச் சோதனைத் தாள் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

3. சோதனைகள், எந்த வரிசையில்

ஆரம்பம் ரத்த அணுக்களை எண்ணும் சாதாரண சி.பி.சி சோதனைதான். அதில் மொத்த வெள்ளையணு எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு நகராமல், லிம்போசைட் என்ற வெள்ளையணு வகையின் சதவீதத்தால் பெருக்கிப் பாருங்கள். மொத்தம் 8000, லிம்போசைட் 20 சதவீதம் என்றால் 1600. பெரியவருக்கு இது சரியான எண், மூன்று மாதக் குழந்தைக்கு மிகக் குறைவு. அந்த வயதில் 2500-க்குக் கீழே போனாலே உடனே நிபுணரிடம் போக வேண்டும். இவ்வளவு எளிய கணக்கு ஒரு உயிரைக் காப்பாற்றக்கூடியது, அதனால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

அடுத்தது இம்யூனோகுளோபுலின், அதாவது ஆன்டிபாடி வகைகளின் அளவுகள்: ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம், ஐஜிஇ. சில லேப் தாள்களில் பெரியவர்களின் அளவு மட்டுமே அச்சாகியிருக்கும், குழந்தைக்கு வயதுக்கேற்ற அளவோடுதான் ஒப்பிட வேண்டும். தாயிடமிருந்து வந்த ஐஜிஜி பிறந்த பின் மெல்லக் கரைவதால், மூன்று முதல் ஆறு மாதத்தில் எல்லாக் குழந்தைக்குமே அளவு இறங்கித்தான் இருக்கும்.

அளவு இருந்தால் மட்டும் போதாது, வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டெட்டனஸ், நிமோகாக்கஸ் தடுப்பூசிகளுக்கு உடம்பு ஆன்டிபாடி உண்டாக்கியிருக்கிறதா என்று சோதித்து, தேவைப்பட்டால் ஊசி போட்டு நான்கு முதல் எட்டு வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற சோதனையில் லிம்போசைட்டின் வகைகளான டி, பி, என்.கே செல்களை எண்ணுவார்கள். சீழ்க்கட்டி வருபவர்களுக்கு, வெள்ளையணுக்களுக்கு விழுங்கிய கிருமியைக் கொல்லும் திறன் இருக்கிறதா என்று பார்க்கும் டி.எச்.ஆர் சோதனை, மூளைக்காய்ச்சல் கிருமி திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு, கிருமியை அழிக்க உதவும் ரத்தப் புரதங்களைப் பார்க்கும் காம்ப்ளிமென்ட் சோதனை. கடைசியில் மரபணுச் சோதனை. மரபணு தெரிந்தால் சிகிச்சையே மாறக்கூடும், குடும்பத்துக்கும் பதில் கிடைக்கும். ஆனால் அந்த ரிசல்ட்டுக்காக சிகிச்சையைத் தள்ளிப் போடக் கூடாது, எல்லோருக்கும் மரபணு பிடிபடுவதும் இல்லை.

இங்கே இரண்டு எச்சரிக்கை. ஆன்டிபாடி குறைவுக்கு வேறு காரணம் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும்: பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்து, சில வலிப்பு மருந்துகள், நீண்ட நாள் ஸ்டீராய்டு, சிறுநீரிலோ குடலிலோ புரதம் வெளியேறுவது, ரத்தப் புற்றுநோய். இரண்டாவது, மற்றவர்கள் தானம் கொடுத்த இம்யூனோகுளோபுலினைச் சிகிச்சையாக ஏற்றுவதற்கு முன்பே எல்லா ஆன்டிபாடி சோதனைக்கும் ரத்தம் எடுத்துவிட வேண்டும். ஒரு முறை ஏற்றிவிட்டால் ரத்தத்தில் இருப்பது உங்களுடையதா, தானம் கொடுத்தவர்களுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு ஹெபடைட்டிஸ் பி போன்ற ஆன்டிபாடி சோதனைகள் பாசிட்டிவ் என்று வந்தால் பதறாதீர்கள், அது வெளியிலிருந்து வந்த ஆன்டிபாடியாக இருக்கலாம். உறுதி செய்ய, கிருமியின் மரபணுவையே நேரடியாகத் தேடும் பி.சி.ஆர் சோதனை கேளுங்கள்.

4. கைக்குழந்தைக்கு ஸ்கிட் என்றால் அது அவசரம்

ஸ்கிட் என்பது டி செல்களே இல்லாத, மிகக் கடுமையான வகை. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் உயிர் போய்விடும். ரத்த அணுக்களை உண்டாக்கும் செல்களை வேறொருவரிடமிருந்து எடுத்து ஏற்றும் ஸ்டெம் செல் மாற்று செய்தால் பிழைக்கும், அதிலும் மூன்றரை மாத வயதுக்குள் செய்த குழந்தைகளில் ஐந்து வருடம் கழித்து 94 சதவீதம் பேர் உயிரோடு இருந்ததை 2014-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. தொற்று வருவதற்கு முன் செய்வதுதான் இதில் பெரிய வித்தியாசம். அதனால்தான் பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ரத்தத்துளியில் டிரெக் என்ற சோதனை செய்து ஸ்கிட் இருக்கிறதா என்று பார்க்கும் திட்டம் 2008-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கி, 2018-க்குள் அந்த நாடு முழுக்கப் பரவியது. உங்கள் நாட்டில் இது உண்டா என்று பிரசவத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

ஸ்கிட் சந்தேகம் வந்த நிமிடத்தில் இருந்து உயிருள்ள தடுப்பூசிகள் எதுவும் கூடாது. ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் கதிர்வீச்சு செலுத்திய, சி.எம்.வி என்ற வைரஸ் இல்லாத, வெள்ளையணு நீக்கிய ரத்தம்தான் வேண்டும். சாதாரண ரத்தத்தில் இருக்கும் வெள்ளையணுக்கள் குழந்தையின் உடம்பையே தாக்கிவிடும். தாய்ப்பால் தரலாமா என்பதையும் தாயின் சி.எம்.வி நிலையைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். நியூமோசிஸ்டிஸைத் தடுக்க கோட்ரைமாக்சசோல் என்ற மருந்தைத் தொடங்குவார்கள்.

5. இம்யூனோகுளோபுலின் சிகிச்சை

ஆன்டிபாடி குறைவான வகைகளுக்கு இதுதான் முதுகெலும்பு. 1952-ல் அமெரிக்க ராணுவ டாக்டர் ஆக்டன் புரூட்டன், திரும்பத் திரும்பத் தொற்று வந்த எட்டு வயதுப் பையனின் ரத்தத்தில் ஆன்டிபாடிகள் அடங்கிய காமா குளோபுலின் இல்லாததைக் கண்டுபிடித்து, அதைத் தோலுக்கு அடியில் ஊசியாகக் கொடுத்தார். தொற்றுகள் அடங்கின. இன்றும் அடிப்படை அதேதான். ஆயிரக்கணக்கானவர்கள் தானம் கொடுத்த பிளாஸ்மாவைச் சேர்த்து, கிருமிகளை அழிக்கும் பல படிகளைத் தாண்டி ஐஜிஜி-யைப் பிரித்தெடுக்கிறார்கள்.

நரம்பு வழியாக ஏற்றினால் பொதுவாக உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை. 50 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு தடவைக்கு 20 முதல் 30 கிராம் வரும். ஐஜிஜி-யில் பாதி சுமார் மூன்று வாரத்தில் கரைந்துவிடுவதால்தான் இந்த இடைவெளி. கடைசி வாரத்தில் அசதியும் மூக்கடைப்பும் திரும்புகிறது என்று பலர் சொல்வார்கள், அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லி இடைவெளியைக் குறைக்கவோ அளவைக் கூட்டவோ கேளுங்கள். சும்மா பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

ஏற்றும் நாளுக்கு முந்தைய நாளில் இருந்தே தண்ணீர் நன்றாகக் குடியுங்கள், பாதித் தலைவலி இதிலேயே குறையும். மெதுவாக ஆரம்பித்துப் படிப்படியாக வேகம் கூட்டுவார்கள். குளிர், முதுகுவலி, தலைவலி, காய்ச்சல் வந்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள், வேகத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். கடும் காய்ச்சலோ தொற்றோ இருக்கும் நாளில் ஏற்றினால் இந்தத் தொல்லை கூடும், அதனால் முன்கூட்டியே தெரிவியுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், கழுத்து விறைப்போடு கடும் தலைவலி, சிறுநீர் கறுத்துப்போவது என்றால் வீடு திரும்பிய பிறகு வந்தாலும் அவசரம்தான். ரத்தம் உறையும் ஆபத்தும் சிறுநீரகப் பிரச்சினையும் அரிதாக உண்டு, வயதானவர்களுக்கும் ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கும் கூடுதல் கவனம் வேண்டும்.

தோலுக்கு அடியில் செலுத்துவது இன்னொரு வழி. வாரம் ஒரு முறை, கிலோவுக்கு 100 முதல் 150 மில்லிகிராம் அளவில், வயிறு அல்லது தொடையில் சிறிய ஊசி குத்தி, சிறு பம்ப் வைத்து வீட்டிலேயே செலுத்திக்கொள்ளலாம். ஐஜிஜி அளவு ஏறி இறங்காமல் சீராக இருக்கும், தலைவலி போன்ற தொல்லைகள் குறைவு, நரம்பு கிடைக்காதவர்களுக்குப் பெரிய நிம்மதி. குத்திய இடம் வீங்கிச் சிவந்து ஓரிரு நாளில் தணியும். பயிற்சி எடுக்காமல் தொடங்காதீர்கள். மருந்தை ஃபிரிட்ஜில் இருந்து எடுத்து அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள், குலுக்காதீர்கள், சூடாக்காதீர்கள். ஊசி குத்தியதும் டியூபில் ரத்தம் ஏறுகிறதா என்று பாருங்கள், ஏறினால் எடுத்துவிட்டு வேறு இடம். ஒவ்வொரு வாரமும் இடத்தை மாற்றுங்கள்.

எந்த வழியானாலும் பிராண்ட் பெயரும் பேட்ச் எண்ணும் குறித்து வையுங்கள். ஒத்துப்போன பிராண்டைக் காரணம் இல்லாமல் மாற்ற விடாதீர்கள். அடுத்த டோஸுக்குச் சற்று முன் எடுக்கும் ஐஜிஜி அளவைத் 'ட்ரஃப்' என்பார்கள். பலருக்கு டெசிலிட்டருக்கு 700, 800 மில்லிகிராமுக்கு மேல் வைத்திருக்கப் பார்ப்பார்கள், நுரையீரல் ஏற்கெனவே கெட்டிருந்தால் இன்னும் மேலே. என் கருத்தில் இந்த எண்ணை விட நீங்கள் எழுதி வைக்கும் தொற்றுக் கணக்குதான் முக்கியம். எண் நன்றாக இருந்தும் தொற்று வந்துகொண்டே இருந்தால் டோஸ் போதவில்லை என்றே பேசுங்கள்.

ஐஜிஏ மட்டும் குறைவாக உள்ளவர்களுக்கு இந்த ஊசி பொதுவாகத் தேவைப்படாது, பெரும்பாலானவர்களுக்கு எந்தத் தொல்லையும் இருக்காது.

6. காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று முன்பே எழுதி வையுங்கள்

உங்கள் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: நோயின் பெயர், நடக்கும் சிகிச்சை, காய்ச்சலில் உடனே எடுக்க வேண்டிய கல்ச்சர்கள், தொடங்க வேண்டிய ஆன்டிபயாட்டிக், கூடாத தடுப்பூசிகள், அவரது தொலைபேசி எண். நடு இரவில் அவசரப் பிரிவில் இருக்கும் டாக்டர் இந்த நோயைப் பார்த்தே இருக்காமல் போகலாம், அப்போது இந்த ஒரு தாள் மணிக்கணக்கை மிச்சப்படுத்தும். முடிந்தவரை ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் சளி, ரத்தம் கல்ச்சருக்குப் போகட்டும், ஆனால் ஆள் மோசமாக இருந்தால் மருந்துதான் முதலில். மருந்து எடுக்கும் நாட்களும் மற்றவர்களை விடக் கூடுதலாக இருக்கும், தெளிந்துவிட்டது என்று நடுவில் நிறுத்தாதீர்கள். சில வகைகளில் பெரிய தொற்றிலும் காய்ச்சலோ, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி அளவோ ஏறாது, அந்த வகை என்றால் பெற்றோர் "குழந்தை சரியாக இல்லை" என்று சொல்வதையே அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள்.

சிலருக்குத் தினசரித் தடுப்பு மருந்தும் உண்டு. வெள்ளையணுக்களால் விழுங்கிய கிருமியைக் கொல்ல முடியாத சி.ஜி.டி என்ற வகை உள்ளவர்களுக்கு கோட்ரைமாக்சசோலும் பூஞ்சைக்கு இட்ராகொனசோலும், மூச்சுக்குழாய் விரிந்துபோனவர்களுக்கு வாரம் மூன்று நாள் அசித்ரோமைசின் என்று.

7. மற்ற சிகிச்சைகள்

ஸ்கிட் குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று முதன்முதலில் வெற்றி பெற்றது 1968-ல். இன்று சி.ஜி.டி, விஸ்காட் ஆல்ட்ரிச் போன்ற பல வகைகளுக்கும் செய்கிறார்கள். மரபணு சிகிச்சையும் வந்துவிட்டது, ஏ.டி.ஏ என்ற என்சைம் குறைபாட்டால் வரும் ஸ்கிட்டுக்கு ஐரோப்பாவில் 2016-ல் அனுமதி கிடைத்தது. குறிப்பிட்ட மரபணுக் கோளாற்றுக்கென்றே மாத்திரைகளும் வருகின்றன, ஏ.பி.டி.எஸ் என்ற வகைக்கு லெனியோலிசிப் 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மரபணுப் பெயர் தெரிந்து வைத்திருப்பதன் பலன் இங்கேதான் தெரியும்.

8. தடுப்பூசிகள்

பி.சி.ஜி, போலியோ சொட்டு மருந்து, ரோட்டா, தட்டம்மை ஊசி, சின்னம்மை ஊசி, மஞ்சள் காய்ச்சல் ஊசி எல்லாம் உயிருள்ள கிருமியால் ஆனவை. எந்த வகைக் குறைபாட்டுக்கு எது கூடாது என்பது மாறும், அதனால் இம்யூனாலஜி டாக்டரைக் கேட்காமல் ஒன்றும் போடாதீர்கள். உயிரற்ற ஊசிகள் ஆபத்தில்லை, பலன்தான் குறையலாம். வீட்டில் உள்ள மற்ற எல்லோரும் தங்கள் ஊசிகளை, முக்கியமாக வருடாந்திர ஃப்ளூ ஊசியை, தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். போலியோவுக்கு மட்டும் அவர்களும் சொட்டு மருந்துக்குப் பதில் ஊசி வடிவத்தையே கேட்க வேண்டும், ஏனென்றால் சொட்டு மருந்தின் கிருமி மலத்தில் வெளியேறிப் பரவும்.

9. அன்றாட வாழ்க்கை

குழந்தையைக் கண்ணாடிக்குள் வைப்பது போல வளர்க்க வேண்டாம். சிகிச்சை சரியாக நடக்கும் ஆன்டிபாடி குறைபாட்டுக் குழந்தை பள்ளிக்குப் போகலாம், ஓடலாம், நீந்தலாம். கை கழுவுவது, பல் சுத்தம், நல்ல தூக்கம், வீட்டில் யாரும் புகைபிடிக்காமல் இருப்பது, இவை போதும். வகையைப் பொறுத்துச் சில கட்டுப்பாடுகள் உண்டு: சி.ஜி.டி உள்ளவர்கள் மக்கிய இலை, உரம், வைக்கோல், இடிபாட்டுத் தூசி பக்கமே போகக் கூடாது, அதில் உள்ள பூஞ்சை நுரையீரலில் உயிரைப் பறிக்கும் அழற்சியை உண்டாக்கும். ஹைப்பர் ஐஜிஎம் என்ற வகையில் தண்ணீரில் வரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குடலையும் கல்லீரலையும் கெடுக்கும் என்பதால் கொதிக்க வைத்த தண்ணீர்தான்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கும் பொடியும் டானிக்கும் இந்த நோய்க்கு உதவாது. இல்லாத ஆன்டிபாடியை எந்தப் பொடியாலும் உண்டாக்க முடியாது, சில பொடிகள் கல்லீரலைக் கெடுத்து, எடுக்கும் மருந்தோடு மோதவும் செய்யும். அன்போடு வாங்கி வந்து தரும் உறவினர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். உயிருள்ள பாக்டீரியா உள்ள புரோபயாட்டிக்கையும் கேட்காமல் தராதீர்கள்.

அசதி உண்மையானது. வெளியே பார்க்க நன்றாகத் தெரிவதால் சோம்பல் என்று பேசுவார்கள். ஆசிரியரிடமும் வேலை இடத்திலும் தேவையான அளவுக்குச் சொல்லி, ஏற்றும் நாளுக்கும் மறுநாளுக்கும் சலுகை கேளுங்கள். மனம் சோர்ந்தால் அதற்கும் டாக்டரைப் பாருங்கள், நீண்ட நாள் நோயில் அது சகஜம்.

10. தொடர்ந்து பார்க்க வேண்டியவை

இம்யூனோகுளோபுலின் ஊசி ரத்தத்தைக் காக்கிறது, நுரையீரலின் உள்பரப்பை அந்த அளவுக்குக் காப்பதில்லை. அதனால் இருமல் இல்லாவிட்டாலும் வருடம் ஒரு முறை ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனையான ஸ்பைரோமெட்ரி, டாக்டர் சொல்லும் இடைவெளியில் சி.டி. சளி தேங்குபவர்கள் பிசியோதெரபிஸ்டிடம் சளி வெளியேற்றும் பயிற்சியைக் கற்றுக்கொண்டு தினமும் செய்ய வேண்டும். அட்டாக்சியா டெலஞ்சியெக்டாசியா போன்ற வகைகளில் கதிர்வீச்சே ஆபத்து, அங்கே சி.டி-க்குப் பதில் எம்.ஆர்.ஐ கேட்க வேண்டும். ஆன்டிபாடி குறையும் சி.வி.ஐ.டி என்ற வகை உள்ளவர்களுக்குத் தட்டணுக் குறைவு, குடல் அழற்சி, நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமா வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம், எனவே புதிதாக நெறி கட்டுவது, எடை இறங்குவது, விடாத வயிற்றுப்போக்கு எதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

11. குடும்பம், அடுத்த குழந்தை

புரூட்டன் கண்டுபிடித்த, ஆன்டிபாடியே உண்டாகாத புரூட்டன் நோய் போன்ற சில வகைகள் தாய் வழியாக மகனுக்கு வரும், தாய்க்கு ஒன்றும் தெரியாது. சில வகைகள் அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் கோளாறான மரபணு வந்தால்தான் வரும், சில வகைகள் ஒருவரிடமிருந்தே வரும், சிலவற்றில் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் தோன்றும். தாயைக் குறை சொல்லும் பேச்சை வீட்டில் முதலிலேயே நிறுத்துங்கள், மரபணுவை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. மரபணு ஆலோசகரிடம் பேசினால் அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு எவ்வளவு, கர்ப்பத்திலேயே சோதிக்க முடியுமா என்று தெரியும். சிகிச்சையில் இருக்கும் பெண் கர்ப்பமானால் ஐஜிஜி டோஸைக் கூட்ட வேண்டி வரும், அந்த ஐஜிஜி-தான் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது.

ஏற்கெனவே ஒரு குழந்தைக்குக் கடுமையான வகை இருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே மகப்பேறு டாக்டர், குழந்தைகள் டாக்டர் இருவர் கையிலும் எழுத்தில் கொடுங்கள்: பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் லிம்போசைட் எண்ணிக்கையும் மரபணுச் சோதனையும், ரிசல்ட் வரும் வரை பி.சி.ஜி-யும் வாய்வழித் தடுப்பு மருந்தும் வேண்டாம் என்று. பிரசவ வார்டில் இந்த ஊசிகளை வழக்கமாக முதல் நாளிலேயே போட்டுவிடுவார்கள், அதனால் அங்கே இருக்கும் நர்ஸிடமும் வாயால் ஒரு முறை சொல்லிவிடுங்கள்.